எடையை எங்கே குறைப்பது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

மெல்லிசை மேடையில் பாடுகிறவரை எல்லாரும் பார்க்கிறோம். கீபோர்டு வாசிப்பவரைப் பார்க்கிறோம். டிரம்ஸ் வாசிப்பவருக்குக் கைதட்டுகிறோம். மேடையின் ஓரத்தில், நான்கே தந்திகள் கட்டிய நீண்ட கழுத்துக் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்பவரை மட்டும் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. அவர் இரண்டு நிமிடம் வாசிப்பை நிறுத்தினால்தான் பாட்டில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது நமக்கு உறைக்கும். அதுதான் பேஸ் கிடார். 1976இல் 'அன்னக்கிளி'யோடு திரையுலகுக்கு வந்த இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் மட்டும் தனியாக ஒரு வழியே நடந்து போவதைக் காதுகொடுத்துக் கேட்டவர்களுக்கு நான் அதன் பெருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. நான் எழுத வந்தது அதன் பெருமையைப் பற்றி அன்று. அதன் எடையைப் பற்றி.

நம் கல்லூரி நுண்கலை மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு பேஸ் கிடார் உண்டு. முன்னாள் மாணவர் ஒருவர் தாம் வாசித்துப் பழகியதை அன்பளிப்பாகக் கொடுத்துச் சென்றது. துறைத் தலைவரின் அனுமதியோடு அதை ஆய்வகத்துச் சுருள்வில் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். 4 கிலோ 900 கிராம். பேஸ் கிடார்கள் பொதுவாக நான்கு கிலோவை ஒட்டி இருக்கும். நம்முடையது அந்த இனத்தில் கனத்த உடம்புக்காரர்.

அதைக் கையில் எடுத்தவர்கள் யார், யாரால் தொடர்ந்து வாசிக்க முடிந்தது என்று எண்ணிப் பார்த்தால் மனம் வருந்துகிறது. வணிகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா ஒருவர் சென்ற ஆண்டு முழுவதும் மாலை வேளைகளில் அதைப் பயின்றார். தாளம் பிசகாது. பாடலின் சுருதி மாறினால் மறுகணமே பிடித்துக்கொள்வார். ஆனால் கல்லூரி நாள் விழாவில் அவர் கையில் இருந்தது கஞ்சிரா. "அந்தக் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்க உன்னால் ஆகாதம்மா" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். என்றாலும் கருவியின் எடை ஒருவருடைய இடத்தைத் தீர்மானித்துவிட்டது அல்லவா? பெண்களுக்கு ஏற்ற கருவி அன்று என்றும் ஒரு பேச்சு அடிபட்டது. 1960-களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ஒலிப்பதிவுக் கூடங்களில் மிகுதியாகத் தேடப்பட்ட பேஸ் கலைஞர்களுள் ஒருவர் கரோல் கே என்னும் பெண்மணி. இன்று நம் நாட்டில் பேஸ் கிடார் என்றதும் முதலில் வாயில் வரும் பெயர்களில் ஒன்று மோகினி டே; ஏ.ஆர்.ரகுமானின் மேடைகளில் வாசித்தவர். ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

இவ்வாண்டு மன்றக் கூட்டத்தில் இந்தக் கிடாரைப் பற்றி இரண்டு கட்சிகள் எழுந்தன. ஒரு கட்சி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தச்சுப் பட்டறையில் கொடுத்து முதுகுப் பக்கத்தைக் குடைந்துவிடலாம், ஒரு கிலோ குறைந்துவிடும் என்றது. மற்றக் கட்சி, "கனம் இருந்தால்தான் நாதம் நிற்கும், கைவைத்தால் கெட்டுப்போகும்" என்றது. இரண்டு கட்சியையும் நான் ஏற்கவில்லை. கூட்டத்தில் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், கனத்தைக் குறைப்பதே பாவம் என்பவர்களுக்கு ஒரு சொல். பேஸ் கிடார் பிறந்ததே சுமையைக் குறைப்பதற்காகத்தான். அதற்கு முன்பு கீழ்ச் சுரத்துக்கு இருந்தது ஆள் உயரத்துக்கும் மேலான டபுள் பேஸ். வயலினின் பெரியப்பா போல நிற்கும், காரில் ஏறாது, பெரிய கூட்டத்தில் அதன் ஒலியும் எடுபடாது. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற பெயரில் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது வெறும் பலகை போன்ற உடலோடு இருந்தது. 1954இல் அதே பலகையின் விளிம்பைக் கை படும் இடத்திலும் வயிறு படும் இடத்திலும் சரிவாகச் சீவிவிட்டார்கள். வாசிப்பவர் உடம்பை உறுத்தக்கூடாது என்பதற்காக மரத்தைக் குறைத்தது அதை உருவாக்கிய நிறுவனமே! பிறகு நமக்கு மட்டும் ஏன் இந்தப் பக்தி?

நாதத்தைப் பற்றியும் கொஞ்சம் பார்ப்போம். மின்கிடாரில் ஒலியைப் பிடிப்பது பிக்கப். காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் கொண்டது அது. எஃகுத் தந்தி அதற்கு மேலே அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது; சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் நாம் படித்த ஃபாரடே விதிதான். வீணையில் பலாமரக் குடம் அதிர்ந்து காற்றை அசைத்து நம் காதுக்குக் கொண்டுவருவது போன்ற வேலை இங்கே உடல் மரத்துக்கு இல்லை. அதற்காக மரத்துக்கு ஒரு வேலையும் இல்லை என்று நான் சொல்லவில்லை. தந்தியின் ஆற்றலை மரம் எவ்வளவு உறிஞ்சுகிறதோ அவ்வளவுக்கு நாதம் சீக்கிரம் அடங்கும். ஆனால் அதில் பெரும்பங்கு உடலுக்கு அன்று, மெலிந்து நீண்ட கழுத்துக்கு. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் வயலின் வடிவில் உள்ளே வெற்றிடமாகச் செய்யப்பட்டது. அவ்வகை இரண்டரைக் கிலோகூட இராது. நம் கிடாரின் பாதி. அதில் வாசித்த பேஸை உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கனம்தான் நாதம் என்றால் அது எப்படி நடந்தது?

சரி, குறைக்கலாம். எங்கே குறைப்பது? இங்கேதான் முதல் கட்சியோடு எனக்கு வழக்கு.

உடலைக் குடைந்தால் எவ்வளவு குறையும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. நான் கிடாரை வரைபடத் தாள்களின் மேல் கிடத்திப் பென்சிலால் சுற்றிக் கோடிழுத்துக் கட்டங்களை எண்ணினேன். உடலின் பரப்பு சுமார் 1050 சதுர சென்டிமீட்டர். தடிமன் 4.4 சென்டிமீட்டர். ஏற்கனவே பிக்கப்புக்கும் கம்பிகளுக்கும் குடைந்த பள்ளங்களைக் கழித்தால் ஏறக்குறைய 4.4 லிட்டர் மரம். நம்முடையது கனத்த ஆஷ் மரம்; லிட்டருக்கு 680 கிராம் என்று கொண்டால் உடல் மட்டும் மூன்று கிலோ. இதில் ஒரு கிலோவைக் குறைக்க வேண்டுமானால் ஒன்றரை லிட்டர் மரத்தை வெளியே எடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு! ஒரு சாண் நீளம், நான்கு விரல் அகலம், இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் வெட்டினாலும் கால் கிலோதான் தேறும். அப்படி எத்தனை பள்ளம் வெட்டுவது? நடுவில் வெட்டவும் முடியாது. நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை சுமார் 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமம். கழுத்து பொருந்தும் இடத்துக்கும், தந்திகள் முடியும் குதிரைக்கும் இடையிலுள்ள மரம்தான் அதைத் தாங்கி நிற்கிறது. அதைத் தொட்டால் கிடார் நாளடைவில் வளையும்.

கிடார் கம்பெனிக்காரர்களே குடைகிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மைதான். கிப்சன் நிறுவனம் 1980-களில் 'லெஸ் பால்' கிடார்களின் மரத்தில் வட்டத் துளைகள் இட்டு எடையைக் குறைத்தது. துளையிட்ட பிறகு அதன்மேல் மேப்பிள் பலகையை ஒட்டி மூடினார்கள். நம் தஞ்சாவூர் வீணைக் கைவினைஞர்கள் குடத்தைக் குடைந்த பிறகுதானே மேற்பலகையைப் பொருத்துகிறார்கள்! கட்டும்போது குடைவது வேறு. கட்டி முடித்து, சாயம் பூசி, பத்தாண்டு வாசித்த கருவியைத் திருப்பிப் போட்டுக் குடைவது வேறு. அறுவை சிகிச்சைக்குப் பின் தையல் போடுவது யார்? தச்சர் நல்ல தொழிலாளி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கதவும் கட்டிலும் செய்கிறவரிடம் ஒரே ஒரு கருவியைக் கொடுத்து, தவறினால் மீட்க முடியாத வேலையைச் செய்யச் சொல்வது அவருக்கும் நியாயமன்று.

இவற்றை எல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்த அக்காவிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன்: "அக்கா, உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" கூட்டத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. அவர் சொன்ன பதில்: "தோள்கூடப் பரவாயில்லை தம்பி. இடது கைதான் பத்து நிமிஷத்துல மரத்துப் போகுது. கையை எடுத்தா கிடார் தலை தொபுக்குனு கீழே போயிடுது. தாங்கிப் பிடிக்கிறதா, வாசிக்கிறதா?"

நண்பர்களே, இது எடையின் குற்றமே அன்று. எடை இருக்கும் இடத்தின் குற்றம். பெல்ட்டில் தொங்கும் எந்தப் பொருளும் அதன் ஈர்ப்பு மையம் தாங்குமிடத்துக்கு நேர் கீழே வரும்வரை சரிந்துகொண்டே போகும். கிடாரின் பெல்ட் இரண்டு குமிழ்களில் மாட்டப்படுகிறது. ஒன்று உடலின் பின்கோடியில். மற்றொன்று மேல் கொம்பின் நுனியில். இந்தக் கொம்பு நெக்கின் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக முடிகிறது. அதற்கு அப்பால் அரை மீட்டருக்கு மேல் கழுத்தும் தலையும் ஆதரவின்றி நீண்டு கிடக்கின்றன. அந்தத் தலையில்தான் தந்தியை முறுக்கும் நான்கு டியூனிங் கீகள் இருக்கின்றன. வீணையில் பிருடை செய்யும் வேலையைச் செய்பவை. பேஸ் தந்தி தடித்தது என்பதால் அவையும் தடித்த இரும்பாலானவை. ஒன்றைக் கழற்றி நிறுத்தேன், 112 கிராம். நான்கும் சேர்ந்து அரைக் கிலோவுக்கு அருகில்! நீண்ட கழியின் நுனியில் அரைக் கிலோ படிக்கல்லைக் கட்டிவிட்டு, கழியை மறுமுனையில் பிடித்துக்கொண்டு விரல்களால் வித்தை காட்டு என்பது போன்றது இது.

இப்போது திருப்புத்திறன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். துண்டு சுற்றிய உருளைக்கழி ஒன்றின் மேல் கிடாரைக் குறுக்கே வைத்து, எங்கே சமநிலையில் நிற்கிறது என்று பார்த்தேன். மேல் கொம்புக் குமிழிலிருந்து உடல் பக்கமாக 11 சென்டிமீட்டரில் நிற்கிறது. அதுதான் ஈர்ப்பு மையம். பெல்ட்டின் இரு குமிழ்களுக்கு இடையே நடுப்புள்ளி ஏறக்குறைய 26 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஈர்ப்பு மையம் அதிலிருந்து தலைப் பக்கமாக எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவுக்குத் தலை சாயும்.

உடல் மரத்தின் மையம் கொம்புக் குமிழிலிருந்து சுமார் 27 சென்டிமீட்டர். தச்சர் அங்கே அரைக் கிலோவைக் குடைந்து எடுத்துவிட்டார் என்று வையுங்கள். ஈர்ப்பு மையம் 11லிருந்து 9 சென்டிமீட்டருக்கு, அதாவது தலைப் பக்கமாகவே நகரும். தராசில் கிடார் இளைத்துவிடும். அக்காவின் இடது கையில் முன்னைவிடக் கனக்கும்! மாறாக, இந்த நான்கு கீகளை எடுத்துவிட்டு இலேசான உலோகக் கலவையில் செய்த கீகளைப் போடுவோம். அவை ஒவ்வொன்றும் 60 கிராமுக்குள் கிடைக்கின்றன. மொத்தம் 220 கிராம் குறையும். கீகள் கொம்புக் குமிழிலிருந்து மறுபக்கம் சராசரியாக 55 சென்டிமீட்டரில் இருப்பதால் ஈர்ப்பு மையம் 14 சென்டிமீட்டருக்குப் போகும். அரைக் கிலோ மரத்தை எடுத்து இரண்டு சென்டிமீட்டர் நட்டம். கால் கிலோகூட இல்லாத இரும்பை எடுத்து மூன்று சென்டிமீட்டர் இலாபம். நெம்புகோல் தத்துவத்தை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். மன்றக் கூட்டத்தில் மட்டும் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

என் தந்தையார் மண்டியில் மூட்டை தூக்குபவர். அவர் திருப்புத்திறன் என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் முதுகில் மூட்டையை வாங்கியதும் அப்படியே நடக்கத் தொடங்க மாட்டார். பின்னால் நிற்பவரிடம் "மேலே ஒரு சாண் ஏத்துப்பா" என்பார். மூட்டை ஒரு சாண் ஏறியபின் அதே ஐம்பது கிலோவை எடுத்துக்கொண்டு பலகை மேல் ஏறி லாரிக்குள் போய்விடுவார். இரண்டு கிலோ அரிசியைக் கொட்டிவிட்டால் எளிதாக இருக்கும் என்று அவரிடம் யாராவது யோசனை சொன்னால் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வேறு மரத்தில் புதிய உடல் செய்துகொள்ளலாம் என்றும் சிலர் சொல்லக்கூடும். பவுலோனியா என்றொரு மரம் இருக்கிறது. லிட்டருக்கு 300 கிராம்தான். அதில் உடல் செய்தால் மூன்று கிலோ ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே வந்துவிடும். கேட்க இனிக்கிறது. ஆனால் அதே கழுத்தையும் அதே கீகளையும் அதில் பூட்டினால் ஈர்ப்பு மையம் கொம்புக் குமிழுக்கு மூன்று சென்டிமீட்டர் அருகில் வந்து நிற்கும்; தலை நிலத்தைப் பார்க்கும். உடல் இலேசாக வேண்டுமானால் தலை அதற்கு முன்பே இலேசாகியிருக்க வேண்டும். இந்த உண்மையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனவர் நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். 1980-களின் தொடக்கத்தில் அவர் செய்த பேஸ் கிடாருக்குத் தலையே கிடையாது! கீகளை உடலின் பின்கோடிக்குக் கொண்டுபோய்விட்டார். கார்பன் இழையும் பிசினும் சேர்த்து வார்த்து, சிறிய பெட்டி போன்ற உடலை அமைத்தார். பார்ப்பதற்குத் துடுப்புப் போல இருக்கிறது என்று கேலி செய்தார்கள். ஆனால் அது தோளில் நேராக நின்றது. அவர் மரத்தைக் குடையும் கட்சியில் சேரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

குதிரையை மாற்றுவது பற்றியும் பேச்சு வந்தது. கனத்த பித்தளைக் குதிரை போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றிச் சாதாரணத் தகட்டுக் குதிரை போட்டால் இருநூறு கிராம் குறையலாம். நம்முடையது ஏற்கனவே தகடுதான். மேலும் குதிரை இருப்பது பின்பக்கம்; அங்கே குறைப்பதும் தலையைச் சாய்க்கவே உதவும். ஆகவே அதைத் தொட வேண்டாம்.

கீகளை மாற்றுவதில் குறையே இல்லையா? இருக்கிறது. பேஸ் கிடார்களில் 'டெட் ஸ்பாட்' என்று ஒன்று உண்டு. மேல் தந்தியில் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து ஏழாவது வரை எங்கோ ஓரிடத்தில் சுரம் எழுந்த வேகத்தில் அடங்கிவிடும். கழுத்தின் இயல்பான அதிர்வெண்ணும் அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் ஒன்றிப்போய், தந்தியின் ஆற்றலைக் கழுத்து வாங்கிக்கொள்வதே காரணம். ஒத்ததிர்வு! தலையின் நிறை குறைந்தால் கழுத்தின் அதிர்வெண் சற்று உயரும். எனவே அந்த ஊமையிடம் ஒரு ஃப்ரெட் மேலே நகரக்கூடும். நம் கிடாரில் இப்போது அது ஆறாவது ஃப்ரெட்டில் இருக்கிறது. நாளை ஏழில் வந்தால், அதிகம் பயன்படும் சுரமாக இருந்தால், வாசிப்பவருக்குச் சங்கடம்தான். அப்படி நேர்ந்தால் அதே சுரத்தை அடுத்த தந்தியில் வாசிக்க வழி இருக்கிறது. பிடிக்கவே இல்லையென்றால் பழைய கீகளைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். குடைந்த மரத்தைத் திரும்பப் போட முடியுமா?

பெல்ட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முழுமையாகாது. இப்போது இருப்பது ஐந்து சென்டிமீட்டர் அகல நைலான் பட்டை; பள்ளிக்கூடப் பையின் வார் போல. வழுவழுவென்று சட்டைமேல் சறுக்குகிறது. தலை சாய்வதற்கு அதுவும் உடந்தை. பத்து சென்டிமீட்டர் அகலத்தில், உட்பக்கம் சொரசொரப்பான தோல் பெல்ட் வாங்கினால் இரண்டு நன்மை. பரப்பு இரு மடங்கானால் தோளில் அழுத்தம் பாதியாகும். உராய்வு கூடினால் பெல்ட் சறுக்காமல் தலையைப் பிடித்து நிறுத்தும். கிடாரின் எடை இதனால் ஒரு கிராம்கூடக் குறையாது, வாசிப்பவருக்குக் குறையும். தலையில் சுமக்கும் நம் வீட்டுப் பெண்கள் சும்மாடு வைப்பது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன். பேஸ் வாசிப்பவர் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது யார்? கச்சேரி வித்வான்கள் அமர்ந்து வாசித்தால் கம்பீரம் குறைகிறதா? கோயில் திருவிழாவில் இரவு முழுவதும் வாசிக்கும் மெல்லிசைக் குழுவினர் பலர் நாற்காலி போட்டுக்கொண்டுதான் வாசிக்கிறார்கள். பாட்டு ஒன்றும் சோடைபோகவில்லை. கல்லூரி மேடையில் மட்டும் "நின்றால்தான் எடுப்பாக இருக்கும்" என்கிறார்கள். எடுப்பு பார்ப்பவர்களுக்கு, கடுப்பு வாசிப்பவர்களுக்கு! மேடையில் ஒரு நாற்காலியும் காலுக்கு ஒரு முக்காலியும் போடுவதற்குப் பொருளாளர் கையெழுத்துகூடத் தேவையில்லை.

செலவைப் பற்றிப் பொருளாளர் அண்ணன் கவலைப்படுவது நியாயம். நல்ல பெல்ட் சில நூறு ரூபாய். இலேசான கீகள் சில ஆயிரம். எனவே பெல்ட்டை முதலில் வாங்குவோம். ஒரு மாதம் வாசித்துப் பார்க்கட்டும். கை மரத்துப்போவது நிற்கவில்லை என்றால் கீகளை வாங்குவோம். தச்சுப் பட்டறைக்கு என்று ஒதுக்கச் சொன்ன தொகை பெல்ட்டுக்குத் தாராளமாகப் போதும். கீகளுக்கு நாம் விழா மலர் விளம்பரத்தில் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். நான் அலையத் தயார்.

வாங்கப் போகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கீகளுக்கும் தலையிலுள்ள துளையின் விட்டம் ஒன்றல்ல. துளை பெரிதாக இருந்தால் வளையம் போட்டுச் சமாளிக்கலாம். சிறிதாக இருந்தால் மரத்தைச் சீவ வேண்டிவரும். மறுபடியும் பட்டறைப் பேச்சு கிளம்பும். ஆகவே வெர்னியர் அளவுகோலால் நான்கு துளைகளின் விட்டத்தையும், தலையின் தடிமனையும், திருகுகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அளந்து மன்றப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கழற்றும் பழைய கீகளைத் திருகுகளோடு ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கீ எந்தத் தந்திக்கு என்று சீட்டு ஒட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடலாம்.